முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

கல்லூரியில் அவனுக்கு வைத்த பெயர் அட்டவணை. எதை முடிவு செய்வதென்றாலும் முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு தாளைத் திறந்துகொள்வான். ஹாஸ்டலில் எந்தக் கட்டிலுக்கு மின்விசிறிக் காற்று அதிகம் என்பதற்கு ஒரு தாள். எந்தப் பெண்ணிடம் காதலைச் சொல்லலாம் என்பதற்கு இன்னொரு தாள். அதில் ‘வாய்ப்பு’ என்ற கடைசிக் கட்டம் எல்லா வரிசையிலும் பூஜ்யம் காட்டியதால் நான்கு வருடமும் ஒழுங்காகப் படித்தான். பேராசிரியர்கள் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்பாவின் பழைய கார் அவன் கைக்கு வந்தது. பதினான்கு அங்குல இரும்பு ரிம். மேலே பிளாஸ்டிக் மூடி. நான்கு மூடிகளில் ஒன்று எப்போதோ எங்கோ கழன்று உருண்டு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருந்தது. நடிகர் ஒருவருக்கு முன்பல் விழுந்த மாதிரி இருக்கும் காரைப் பார்த்தால்.

தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு அந்தக் காரில் இரண்டு பேர் ஏறுவார்கள். அவனும் அக்காவும். அக்கா அவனைவிட மூன்று வயது மூத்தவள். காப்பீட்டு அலுவலகத்தில் முதல் கவுன்டர் அவளுடையது. அவளை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் போனால் அவன் அலுவலகம். வீட்டிலிருந்து அவள் வாசல்வரை நாற்பது நிமிடம்.

வழியில் இரண்டாவது சிக்னலைத் தாண்டினால் கிடங்குத் தெரு. ஒன்றரை கிலோமீட்டர் நீளம். இருபக்கமும் இழுத்துச் சாத்திய இரும்புக் கதவுகள், நடுவில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட சாலை. அங்கே நுழைந்ததும் அக்கா முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியை இறக்கி, பையிலிருந்து மைப் பென்சிலை எடுப்பாள்.

“சிக்னல்ல நிக்கும்போது போட்டா என்ன?” என்று ஒருநாள் கேட்டான்.

“பக்கத்துல பைக்ல நிக்கிறவன் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாப்பான். இங்க யாரு இருக்கா? உன்னை நான் ஆளாவே கணக்குல எடுக்கிறதில்ல.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுக்கும்போதுதான் அக்காவுக்குப் பேச்சு வரும். வீட்டில் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பவள், கிடங்குத் தெருவில் எல்லாவற்றையும் சொல்வாள். மூன்று வருடம் பழகியவன் ஒரு மெசேஜில் முடித்துக்கொண்டதை வலது கண் முடிவதற்குள் சொன்னாள். அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதை இடது கண்ணில். அவன் ஓட்டிக்கொண்டே “ம்” என்பான். அந்த ‘ம்’ அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவனுக்கும் அந்த நாற்பது நிமிடம் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. எந்தத் தாளிலும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

டயர் தேய்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. இணையத்தில் கார்ப் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்தான். எழுநூறு பேர். பதினான்கு அங்குலமா, தள்ளுவண்டியா என்று முதல் நாளே கேட்டார்கள். பதினேழுக்குக் கீழே போட்டால் மனிதன் இல்லை என்று ஒருவர் தீர்ப்பெழுதினார். அவரிடம் கார் கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அட்டவணை தன் தாளைத் திறந்தான். பழைய டயர் 175/65, பதினான்கு. அதாவது அகலம் நூற்றெழுபத்தைந்து மில்லிமீட்டர். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும் ரப்பரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து. புதிதாக அவன் கண் வைத்தது 205/40, பதினேழு. மொத்தச் சக்கரத்தின் உயரம் பதின்மூன்று மில்லிமீட்டர்தான் கூடும், மீட்டர் காட்டும் வேகத்தில் இரண்டு சதவீதம்தான் பிசகும். எல்லாம் வரம்புக்குள். எடை, அகலம், வளைவில் பிடிப்பு, அழகு என்று பதினொரு கட்டம் போட்டான். அழகுக்குப் பத்துக்குப் பத்து. ரப்பரின் உயரம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் குறைகிறது என்பதும் ஒரு கட்டத்தில் இருந்தது. அதற்கு நேரே ‘பரவாயில்லை’ என்று எழுதினான்.

டயர்க்கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தாளைப் பார்க்கவில்லை.

“பதினஞ்சு போடுங்க தம்பி. 185/55. மொத்த உயரம் ஒண்ணரை மில்லிமீட்டர்கூட மாறாது. பாக்கவும் லட்சணமா இருக்கும்.”

“பதினேழுதான் அண்ணே வேணும்.”

“பதினேழு வண்டிக்கு நல்லாத்தான் இருக்கும். உக்கார்றவங்களுக்குத்தான் பல்லு ஆடும். பள்ளத்தோட அடியை இதுவரைக்கும் டயர் வாங்குச்சு, இனிமே நீங்க வாங்குவீங்க.” பிறகு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தினமும் ஓட்டுற வண்டிதானே? கூட யாரு வர்றாங்க?”

அக்கா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை வெளியே விட்டால் மனுஷன் பதினைந்தைத்தான் மாட்டுவார்.

“யாருமில்லண்ணே. நான் மட்டும்தான்.”

“அப்பச் சரி. உங்க முதுகு, உங்க பாடு.”

பழைய ரிம்களை என்ன செய்வது என்று கேட்டார். இங்கேயே கிடக்கட்டும் என்றான். அவர் அவற்றுக்குப் புது ரப்பர் போட்டு யாருக்காவது தள்ளிவிடலாம் என்று ஓரமாக அடுக்கினார்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கைப்பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான். ஒவ்வொரு புது ரிம்மிலும் பத்து ஆரக்கால்கள் வெயிலில் பளபளத்தன. அக்கா காரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

“கழுவினியா?” என்றாள்.

“அக்கா! சக்கரத்தைப் பாரு.”

“பாத்தேன். வட்டமா இருக்கு. நல்லாருக்குடா.”

மறுநாள் கிடங்குத் தெருவில் முதல் ஒட்டிலேயே மைக்கோடு கண்ணில் கிளம்பிக் காதில் போய் நின்றது. அவன் சிரித்துவிட்டான். சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதைக் குழுவில் எழுதி, எழுபது பேரைச் சிரிக்க வைத்தான்.

“மெதுவாப் போயேன்டா.”

“மெதுவாத்தான் போறேன். ரோடு மோசமாயிடுச்சு.”

“நேத்துவரைக்கும் இப்படி இல்லையே.”

“ராத்திரி மழை பெஞ்சுதுல்ல?”

மழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஓட்டினான். இரண்டாம் நாள் பென்சில் முனை ஒடிந்தது. மூன்றாம் நாள் அவள் கண்ணாடியை இறக்கவேயில்லை. பையை மடியில் வைத்து, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாயத்துக்குக் கூட்டிப்போகும் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பேச்சும் இல்லை. பேச வாயெடுத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளும் அபாயம் இருந்தது.

நான்காம் நாள் காலை செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆபீஸ் வேன் பைபாஸ் வழியா வருதாம்டா. அதுல போய்க்கிறேன். உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

அலைச்சல் என்று ஒன்றும் இல்லை, அவள் அலுவலகம் அவன் போகிற வழியில்தான். ஆனாலும் “சரிக்கா” என்றான். முதல் வாரம் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி போனான். இரண்டாம் வாரம் பாட்டைக் குறைத்தான். மூன்றாம் வாரம் கிடங்குத் தெருவில் தன்னையறியாமல் “ம்” என்றான். காரில் யாருமில்லை.

கூப்பிட்டிருக்கலாம். வா அக்கா, மெதுவாப் போறேன் என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு நாளும் காலையில் சொல்ல நினைத்து, அவள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவதால் சாயங்காலம் சொல்லலாம் என்று வைத்து, சாயங்காலம் அவள் “ஒண்ணுமில்ல” முகத்தோடு வருவதால் காலைக்குத் தள்ளி, இப்படியே மூன்று மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கிக் கொடு என்றாள் அம்மா.

“எதுக்கும்மா?”

“எதுக்கா? அக்கா வர்ற சனிக்கிழமை கிளம்பணும்ல. அங்க வீடுகூடப் பாத்தாச்சு.”

“எங்க கிளம்புறா?”

அம்மா கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தாள். “மாற்றல் கேட்டு வாங்கியிருக்காடா. ராத்திரி வண்டியில போனாக்கூட காலையிலதான் போய்ச் சேர முடியும், அவ்வளவு தூரம். உனக்குத் தெரியாதா? உன்கிட்ட முதல்லயே சொல்லியிருப்பான்னு நெனச்சேன். எல்லாத்தையும் கார்லதானே பேசிக்குவீங்க?”

அவன் ஸ்டூல்மேல் நின்றபடி சூட்கேஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். தூசி கண்ணில் விழுந்தது என்று சொல்ல வசதியாக இருந்தது.

அக்காவிடம் போய்க் கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்கா என்கிட்ட சொல்லல?”

“சொல்லணும்னுதான்டா இருந்தேன். எப்பச் சொல்றதுன்னு தெரியல.” அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். “வெள்ளிக்கிழமைதான் இந்த ஆபீஸ்ல கடைசி நாள்.”

“வெள்ளிக்கிழமை நான் விடுறேன்.”

“வேன் வருமேடா.”

“நான் விடுறேன்கா.”

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு டயர்க்கடைக்கு ஓடினான். பழைய ரிம்கள் விலை போகவில்லை. புது ரப்பர் போட்ட நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வருகிறவர்கள் உட்காரும் ஆசனமாக்கியிருந்தார் கடைக்காரர். கனமான ஒருவர் அதன்மேல் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் விளையாட்டுப் பக்கம்வரை படித்து முடிக்க அவன் காத்திருந்தான்.

“பதினேழைக் கழட்டவா? ஆசையா மாட்டினீங்களே தம்பி?”

“ஆமாண்ணே.”

“முதுகு போச்சா?”

“இல்லண்ணே. கூட ஒருத்தங்க வருவாங்க.”

கடைக்காரர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். முதல் சக்கரத்தைக் கழற்றினார். பிறகு, “அன்னைக்கே கேட்டேனே தம்பி” என்றார், கோபமில்லாமல்.

வெள்ளிக்கிழமை ஏழு ஐம்பது. அக்கா வழக்கம்போல் சக்கரத்தைப் பார்க்காமல் ஏறினாள். முதல் சிக்னல். இரண்டாவது சிக்னல். கிடங்குத் தெருவில் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்தான். ஒட்டுகள் ஒவ்வொன்றாக அடியில் போயின, தூங்குகிற வீட்டில் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல. கண்ணாடி இறங்கும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் கைகள் பையின்மேல் சும்மா இருந்தன.

“மை போடலையாக்கா?”

“வீட்லயே போட்டுட்டேன்டா. இப்பெல்லாம் ஆறரைக்கே முடிச்சுடுவேன். பழகிருச்சு.”

திரும்பிப் பார்த்தான். இரண்டு கண்ணிலும் கோடு பிசிறில்லாமல் இருந்தது. காரில் போட்டதைவிட நன்றாகவே இருந்தது.

புதிய ஊரைப் பற்றிக் கேட்க நினைத்தான். கேட்டான். நல்ல வீடு என்றாள், பக்கத்திலேயே ஆபீஸ் என்றாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தெரு முடியப்போகிற இடத்தில் அக்கா ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

“பரவாயில்லையே! இந்த ரோட்டை எப்படா போட்டாங்க?”

அவன் கியரை மாற்றினான்.

“போன வாரம்” என்றான்.