நெடுவயல்பட்டி நாட்டின் காவல்துறைத் தலைவர்

நெடுவயல்பட்டியைச் சுற்றிக் கடல் வந்தது ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலையில், பால் கறந்து முடிக்கிற நேரத்தில். பொன்னமராவதிப் பக்கம், மழை பெய்தாலே ஆச்சரியப்படுகிற ஊர் அது. கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். முதலில் கண்மாய் உடைந்துவிட்டது என்றார்கள். கண்மாயில் தண்ணீரே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் ஒருவர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பாக இருந்தது. செய்தி கேட்டு ஜெகதாப்பட்டினத்திலிருந்து பீட்டர் என்ற மீனவர் தன் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடல் ஒரு மெயின் ரோட்டின் அகலம்தான் இருந்தது, ஆழம் மட்டும் சரியாக இருந்தது. சற்று நேரம் அலையைப் பார்த்துவிட்டு, "எங்க கடல்தான். இங்கிட்டு எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று சொல்லி வலையை இறக்கினார். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மீன்குழம்பு.

வருவாய்த்துறை ஆட்கள் வந்து அளந்தார்கள். சங்கிலி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நிலம் எந்தத் தாலுகாவிலும் சேராது என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் கிளம்பினார்கள். அதன்பின் ரேஷன் நின்றது, டவுன் பஸ் நின்றது, கரண்ட் பில் மட்டும் கொஞ்சகாலம் வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஊர் தனி நாடானது. ஊராட்சித் தலைவர் அருணா நாட்டின் தலைவரானார். அதற்குத் தேர்தல் தேவைப்படவில்லை. பலகையில் 'ஊராட்சி' என்ற சொல்லை அழித்தது போதுமானதாக இருந்தது.

கடல் வந்த அன்று அம்மன் கோயில் பந்தோபஸ்துக்காக வந்து உள்ளே மாட்டிக்கொண்டவர் ஏட்டு தங்கமுத்து. பதவி உயர்வுக்காகப் பல வருஷம் காத்திருந்தவர். உத்தரவு வரும்போதெல்லாம் அவருக்கு முந்திய பெயரோடு நின்றுவிடும். வீடு பக்கத்து ஊரில், அக்கரையை ஒட்டியே இருந்தது. அங்கே மனைவி அழகியும் இரண்டு கறவை மாடுகளும்.

"ஏட்டய்யா, நாடுன்னு ஆயிப்போச்சுன்னா ஒரு போலீஸ் வேணும்ல. ஒங்களைத்தான் இன்ஸ்பெக்டராப் போட்டிருக்கு" என்றார் அருணா. தங்கமுத்து சல்யூட் அடித்தார். கண் கலங்கியிருந்ததால் கொஞ்சம் கோணலாக அடித்தார்.

நாட்டின் ஒரே போலீஸ் எல்லையைத் தாண்டினால் உள்ளே சட்டம் ஒழுங்கு இருக்காது என்பதால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அழகி இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டி, டிபன் கேரியரைத் தொங்கவிட்டு இழுத்து அனுப்பினார். சோறு சூடாகவே வந்தது. வெளிநாட்டார் உள்ளே வரக் காவல்துறைப் பரிந்துரை வேண்டும், உறவினருக்குப் பரிந்துரை செய்யக்கூடாது என்று தங்கமுத்து ஒரு விதி எழுதினார். அந்த நேர்மையைப் பாராட்டி அவரை டி.எஸ்.பி. ஆக்கினார்கள். மறுநாள் காலையில் கயிறு நடுக்கடலில் அறுந்து மிதந்தது. கடல் அகலமாகியிருந்தது.

குற்றமே நடக்காததற்காக எஸ்.பி. ஆனார். கடல் இன்னும் அகன்றது. சாப்பாடு பீட்டரின் படகில் வந்தது, ரசம் ஆறிப்போயிருந்தது. பிறகு ஒரு பெரிய நாட்டிலிருந்து டி.ஐ.ஜி. ஒருவர் பார்வையிட வந்தார். அவருக்கு எதிரே எஸ்.பி.யை நிறுத்தினால் நாட்டுக்கு மரியாதை இல்லை என்று தங்கமுத்துவையும் டி.ஐ.ஜி. ஆக்கினார்கள். அடுத்து வந்தவர் ஐ.ஜி., இவரும் ஐ.ஜி. ஆனார். அக்கரையில் அழகி சிவப்புச் சேலையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். போனில் அவர்தான் முதலில் சொன்னார். "நீங்க மேல போகப் போக அங்கிட்டுத் தள்ளிப் போறீங்க. கவனிச்சீங்களா இல்லையா?"

தங்கமுத்து அன்று இரண்டு கவளம்கூடச் சாப்பிடவில்லை. நேரே அருணாவிடம் போய்த் தன்னைப் பழையபடி ஏட்டாக இறக்கிவிடும்படி கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. ஒங்களால கடல் அகண்டு இப்பத்தான் வஞ்சிரம் கெடைக்குது. ஒங்களை எறக்கினா ஊரு மறுபடி கெழுத்தி திங்கணும்" என்றார் அருணா.

தப்பு செய்தால் இறக்குவார்கள் என்று நினைத்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, குழந்தைசாமியின் வெள்ளாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். குழந்தைசாமி பின்னாலேயே ஓடிவந்து, "அய்யா, சொல்லியிருந்தா கறியாவே கொண்டாந்து குடுத்திருப்பேனே" என்று வருத்தப்பட்டார். புகார் கொடுக்க யாரும் முன்வராததால் தங்கமுத்து தானே தன்மேல் வழக்குப் போட்டார். விசாரணை அதிகாரியும் அவரே. கடுமையாகத்தான் விசாரித்தார், ஆனால் கடைசியில் பழக்கதோஷத்தில், உயரதிகாரி குற்றமற்றவர் என்று எழுதிவிட்டார். தன்னையே விசாரித்த அதிகாரி உலகத்தில் எங்கும் இல்லை என்று ஊர்கூடி மாலைபோட்டு அவரை டி.ஜி.பி. ஆக்கியது. அன்றோடு அக்கரை மறைந்தது. போனிலும் டவர் கிடைக்கவில்லை. கஞ்சி போட்ட உடுப்பில் தினமும் கரைக்கு வந்து நின்றார். காவல் பார்க்கிறார் என்று ஊரார் பெருமைப்பட்டார்கள்.

அப்படி நின்ற ஒரு மத்தியானம் பீட்டரின் படகு வழக்கத்துக்கு மாறாக ஆழ்ந்து வந்தது. வலைக்கடியில் மாடு கத்தியது.

"என்ன பீட்டரு, உள்ள என்ன?"

"மீனுங்க அய்யா. கொஞ்சம் பெரிசு" என்றார் பீட்டர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வலையை விலக்கிக்கொண்டு அழகி எழுந்தார். தலையெல்லாம் மீன்செதில். மாடுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றார். அனுமதியில்லாமல் ஒரு வெளிநாட்டார் நாட்டுக்குள் நுழைந்துவிட்டார். அதுவும் கால்நடையுடன். கரையில் ஊரே கூடிவிட்டது.

"கைது பண்ணப் போறீங்களா, இல்ல இப்படியே பாத்துக்கிட்டு நிக்கப் போறீங்களா?" என்றார் அழகி.

தங்கமுத்து பேனாவை எடுத்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அடுத்ததைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"புருசன் பேரு?"

"எழுதிக்கங்க. தெரிஞ்ச பேருதானே" என்றார் அழகி.

நாட்டின் முதல் குற்றவாளியை அவர் கையைப் பிடித்தே அழைத்துப்போனார். குழந்தைசாமி மாடுகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

சட்டப்படி அழகியைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அருணா அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்டார். நெடுவயல்பட்டி என்றொரு நாடு இருப்பதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை, இல்லாத நாட்டிலிருந்து எவரையும் பெற்றுக்கொள்ள இயலாது என்று பதில் வந்தது. அனுப்ப வழியில்லாததால் காவலில்தான் வைக்க வேண்டும். நாட்டில் இருந்த ஒரே லாக்கப், தங்கமுத்து பாய்விரித்துப் படுக்கும் பின்னறை. அழகி முதல் வேலையாக அதைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். கைதிக்கு உணவு கொடுப்பது அரசின் கடமை என்பதால் அடுப்பும் அரிசியும் வந்தன. கைதி சமைத்தார், காவலர் சாப்பிட்டார். ரசம் நாக்கைச் சுட்டது.

கடத்தலைப் பிடித்ததற்காகத் தங்கமுத்துவுக்கு இன்னொரு பதவி கொடுத்தார்கள், டி.ஜி.பி.க்கு மேலே பதவி இல்லையாதலால் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மறுநாள் கடல் எவ்வளவு அகன்றது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. இப்போது வடக்கே கப்பல்கள் போகின்றன. மாடுகள் உப்புக்காற்றுக்குப் பழகி நன்றாகக் கறக்கின்றன. இந்த வாரம் வஞ்சிரம் சற்று இறங்கியிருக்கிறது, மத்தி பழைய விலைதான்.