மாதாவுக்கு விட்ட இடம்

பின்னாளில் அக்காவைப் புனிதை என்று பீடத்தில் ஏற்றினார்கள். அது வேறு கதை. கூடப் பிறந்து, கூடவே கன்னியர் மடத்தில் சேர்ந்து, சமையற்கட்டில் அடுப்போடு மல்லுக்கட்டிய தங்கச்சிக்கு அவள் என்றைக்கும் ஒரு தலைவலிதான்.

சலவை அறையில் ஆவியும் வெயிலும் கலந்து மிதக்கும். போர்வை மடித்துக்கொண்டிருக்கும் அக்காவின் கை திடீரென நின்றுவிடும். யாரையோ பார்த்துச் சிரிப்பாள். மாதா வந்திருக்கிறாராம்! சாப்பாட்டு மேசையிலும் அதே கூத்து. பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுத்தான் உட்காருவாள்.

"கொஞ்சம் நகந்து உக்காரேன்க்கா. நான் பாதி அந்தரத்துல தொங்குறேன்."

"அவங்க இருக்காங்கடி."

"ஆமா, எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று முணுமுணுத்தபடி தங்கச்சி தொங்குவாள்.

இப்போது அக்கா படுத்த படுக்கை. மருத்துவர் கைவிரித்துவிட்டார். அதைவிடக் கொடுமை, குளிர்காலம் தொடங்கியதிலிருந்து மாதா வரவேயில்லை. மதியமெல்லாம் வெள்ளைத் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கும். அக்கா அதையே பார்த்துக் கிடப்பாள்.

அன்று தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பொய் சொல்ல மாட்டே. இந்த ரூம்ல யாராவது தெரியுறாங்களா?"

ஐயோ, 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். நுனிநாக்கு வரை வந்தும்விட்டது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியலக்கா. எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"அப்ப எல்லாம் என் பிரமைதானா? இத்தனை காலம் வெறும் காத்தோடயா பேசினேன்?"

அக்கா அழுதாள். தங்கச்சி என்ன செய்வதென்று தெரியாமல், பால் கிண்ணத்தோடு வழக்கம்போலக் கட்டிலோரம் தரையில் உட்காரப் போனாள். முட்டி மடங்க மறுத்தது. "யம்மாடி!" என்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இந்த வலியோட ஏன்டி தினமும் தரையில உக்கார்றே? நாற்காலி சும்மாதானே கெடக்கு?"

"நல்லா கேட்டே போ! அதுல நான் உக்காந்துட்டா, அவங்க வந்தா எங்க உக்காருவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கிண்ணமும் கையுமாக நின்றாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். இருமலும் சிரிப்புமாக ஒரு பாடு தவித்துவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல நகர்ந்தாள். கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் இடம் கிடைத்தது.

"சரி, அது அவங்களுக்கே இருக்கட்டும். நீ இங்க வா."

இத்தனை வருஷத்தில் அக்கா தங்கச்சிக்காக நகர்ந்தது அதுதான் முதல் தடவை. தங்கச்சி வசதியாக, முழுசாக உட்கார்ந்தாள்.