ஆறு கொண்டுவந்த படி

புத்தர் கோயிலைப் பிரித்து, கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளிக் கட்டி முடித்த நாலாம் மாதம், ஆறு அதைத் தேடிப் புறப்பட்டது. வெள்ளமாக ஒன்றும் வரவில்லை. ஒரு கட்டில் அகலத்துக்குக் கரையை உடைத்துக்கொண்டு, நாளுக்கு ஓர் அடி வீதம் தெருவில் ஏறியது. அது மேட்டுத் தெரு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகராட்சி மணல்மூட்டை அடுக்கியது. தண்ணீர் அதன் மேலேறி மறுபக்கம் இறங்கியது, மூட்டை நனையவில்லை.

கோயிலுக்கு எண்ணூறு வயது. படகு வணிகர் ஒருவர் கட்டியது: நாலு வாசல் வைத்த சதுர மண்டபம், மேலே செங்கல் குவிமாடம், உள்ளே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த கல் புத்தர், அவர் பார்வை இறங்கும் பக்கம் படிக்கட்டு. ஒருமுறை எரிந்தது, பிறகு உப்புக் கிடங்காக இருந்தது, அறுபது வருடம் மரங்கள் குடியிருந்தன. கரை அரித்துக்கொண்டே வந்ததால், இடம் மாற்றிப் புதுப்பிக்கும் வேலை மேஸ்திரியிடம் வந்தது. கல்லுக்குக் கல் சுண்ணாம்பில் எண் போட்டு, நோட்டில் குறித்து, அதே வரிசையில் திரும்ப அடுக்க வேண்டும். கோடையில் வெளியே தெரிந்த கடைசிப் படிக்கு ஒன்று என்று போட்டார். அதற்கும் கீழே, தண்ணீருக்குள், இன்னொரு படி காலில் தட்டுப்பட்டது. ஈரத்தில் சுண்ணாம்பு நிற்காது. பசி நேரம் வேறு. விட்டுவிட்டார். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

“தண்ணிக்குள்ள கெடக்கறத யாரு பாக்கப்போறாங்க?”

“இத்தன வருஷமா புத்தர் அதத்தானே பாத்துட்டிருந்தாரு?” என்றாள் அவள்.

இப்போது ஆற்றின் முனையில் அந்தப் படிதான் வந்துகொண்டிருந்தது, பூனை குட்டியைக் கவ்வி வருவதுபோல. மேஸ்திரி நகராட்சி இன்ஜினியரிடம் ஓடினார். “ஒரு படி விட்டுப்போச்சு சார். ஆள் குடுங்க, நாமளே தூக்கி வெச்சிடலாம்.”

“திறப்பு விழாவே முடிஞ்சாச்சு. இப்பப் போய் ஒரு கல்லு கம்மின்னு நான் எழுதித் தரணுமா? போங்க மேஸ்திரி.”

தனியாகவே கடப்பாரை போட்டு நெம்பினார். கடப்பாரைதான் வளைந்தது.

கோயிலுக்கு முந்தின கடைசி வீடு அவருடையது. அக்கம்பக்கம் எல்லாம் மூட்டை கட்டிவிட்டது. “கதவச் சாத்துனா ஒடச்சிட்டுத்தாங்க வரும். தொறந்து வைங்க, அது பாட்டுக்குப் போயிடட்டும்” என்று மனைவி பாயைச் சுருட்டினாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆறு முன்வாசலில் நுழைந்து, நடை வழியாகப் பின்வாசலில் வெளியேறியது. படி கோயில் படிக்கட்டின் கடைசிப் படிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இடையில் மயிரிழை நுழையாது. மேஸ்திரிக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் இந்தப் பக்கம் அறையில், மனைவி அந்தப் பக்கம் அடுப்படியில், நடுவே தண்ணீர். அன்றைக்கே தாண்டியிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, ஆறு எப்படியும் வடியும் என்று இருந்துவிட்டாள்.

ஆறு வடியவில்லை. மறுநாள் நடை ஒரு முழம் அகலம் கூடியிருந்தது. சுவர் எதுவும் விழவில்லை; அடுப்படி தள்ளிப் போனது, அவ்வளவுதான். முதலில் டீயைக் கை நீட்டிக் கொடுத்தாள். பத்தாம் நாள் துண்டைச் சுருட்டி எறிய வேண்டியிருந்தது. மாதம் திரும்புவதற்குள் கத்தினால்தான் கேட்டது. மேஸ்திரி நீந்தினார், நீந்தி ஏறியது தன் கரையிலேயே. படகுகளும் அப்படியே, போனவை புறப்பட்ட இடத்துக்கே வந்தன.

அதெல்லாம் ஆகிப் பன்னிரண்டு வருடம். கோயில் நிழல் தண்ணீரில் விழும் அழகைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அக்கரையில் அடுப்படி ஒரு புள்ளி. சாயங்காலம் அங்கே ஒரு கை அசைகிறது. கூப்பிடுகிறதா, போகச் சொல்கிறதா, இத்தனை தூரத்தில் தெரியாது. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள் என்றுதான் மேஸ்திரி எடுத்துக்கொள்கிறார். சாப்பிட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்.