மிஸ்டர் வில்கின் யாருக்காகக் காத்திருந்தார்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, பாண் விலை ஏறிய அதே வாரத்தில், மிஸ்டர் வில்கின் இரண்டாம் படி ஆங்கில வாசிப்புப் புத்தகத்திலிருந்து இறங்கி ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள மீகஸ்தென்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் குடையை மடக்கினார், கோட்டைத் தட்டிவிட்டார், உட்கார ஆங்கிலத்தில் ஒரு கதிரை கேட்டார். கதிரை இல்லாததால் தாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் இடம் விட்டார்கள்.

அந்தப் புத்தகங்கள் எங்கிருந்தோ நன்கொடையாக வந்தவை. பெரிய கதைகளைப் பிழிந்து, கஷ்டமான சொற்களை எடுத்துவிட்டு, படிப்பவர் தரத்துக்குத் தக்கபடி ஒன்றாம் படி, இரண்டாம் படி என்று அடுக்கியிருந்தார்கள். பிழிந்த மகராசன் சொற்களோடு சேர்த்து ஆட்களையும் எடுத்துவிட்டான். மிஞ்சியவர் வில்கின் ஒருவர்தான். தினமும் குடையோடு ஸ்டேஷனுக்குப் போவார், ரயில் வரும், அவர் தேடும் ஆள் இறங்காது, வீட்டுக்குத் திரும்பித் தேநீர் குடிப்பார். யாரைத் தேடுகிறார்? அதைச் சொல்ல அந்தப் படியில் சொல் இல்லை போலும்.

வட்டமாக உட்கார்த்தும் முறையைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த மனோகரி டீச்சர். ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் கதையைத் தன் வீட்டோடு பொருத்திச் சொல்ல வேண்டும். "பிழையான விடை எண்டு ஒண்டும் இல்லை பிள்ளையள். ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்பார். வகுப்பில் பேசியதற்காகவே அடிவாங்கி வளர்ந்த தோட்டம் அது. பேசினால்தான் புள்ளி என்றதும் பெற்றோர் ஆடிப்போனார்கள்.

தோட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும் எந்த டிவிஷன், எந்த லயத்து வரிசை, யார் வீட்டு ஆள் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். வகுப்பில் சுரேந்திரன் வில்கினிடமும் அதையே ஆங்கிலத்தில் கேட்டான். வில்கின் முழித்தார். தெரியாது என்றார். தான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று இவர்களுக்காவது தெரியுமா, அதைக் கேட்டுப் போகத்தான் வந்தேன் என்றும் சொன்னார்.

கொழுந்து பறிக்கும் மருதாயிதான் தன் லயத்தில் காலியாயிருந்த ஒற்றையறைக் காம்பராவை அவருக்கு ஒழுங்கு பண்ணினாள். "ஏன் இப்புடி வெளுத்துப் போயிருக்காரு? ரொட்டி திம்பாரான்னு கேளு புள்ள" என்று அதே வகுப்பில் படித்த மகள் ஷாமிளாவை ஏவினாள். தின்றார். காரம் என்ற சொல் அவர் படியில் இல்லாததால், மிளகாய்ச் சம்பலைக் காட்டி "இது சிவப்பு, இது மிகவும் சிவப்பு" என்று கண்ணீர் விட்டார்.

விடிந்ததும் டவுனுக்கு இறங்கி, பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் நிற்பார். எழுபதுகளிலேயே ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேநீர்க்கடை ஜமால்தீன் தமிழிலும் சிங்களத்திலும் கையாலும் சொல்லிப் பார்த்தார், கோச்சி வராது மாத்தயா என்று. வில்கின் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

வட்டத்தில் ஒரு வருடம் இதே பேச்சு. ஆங்கிலத்தில் தொடங்கி, ஆத்திரத்தில் தமிழுக்கு வந்து, மணியடித்ததும் முடியும். அம்மாவுக்காக என்றாள் ஷாமிளா. கப்பலேறி இந்தியாவுக்குப் போன அண்ணனுக்காக என்றான் இந்திரகுமார். அவன் பெரியப்பா அப்படிப் போனவர். மனைவிக்காக என்று இரண்டு பேர் வெவ்வேறு காரணம் சொன்னார்கள். "நாய்க்காக" என்றான் சுரேந்திரன். "மனுசங்கன்னா கடுதாசி போடுவாங்க டீச்சர். நாய் போடாது. அதான் நேர்ல போயி நிக்கிறாரு." டீச்சர் அதற்கும் புள்ளி போட்டார்.

மறுவருடம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆங்கில ஆலோசகர் நாகலிங்கம் வந்தார். மனிதர் கெட்டவரில்லை, ஆனால் சோதினைத் தாளுக்குள்ளேயே குடியிருப்பவர். வில்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். "புத்தகத்தில இல்லை. அப்ப ஒருத்தரும் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் டீச்சர்" என்று கரும்பலகையில் 'ஒருவருமில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து வில்கின் மங்கத் தொடங்கினார். வார முடிவில் அவருக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. குடை மட்டும் கறுப்பாக இருந்தது. மருதாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "நல்லா இருந்த மனுசன ஒத்த சொல்லுல கரைச்சிப்புட்டீங்களே! ஒனக்கு ஒருத்தரும் இல்லன்னு போர்டுல எழுதுனா அந்த சாரு தாங்குவாரா?"

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. பலகையைத் துடைத்தார். வகுப்பை அப்படியே டவுனுக்குக் கூட்டிப்போய், கரைந்துகொண்டிருந்த வில்கினைச் சுற்றி வட்டமாக உட்கார்த்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் ஆளையும் காரணத்தையும் சத்தமாகச் சொன்னார்கள். எல்லாம் சரி என்றார் டீச்சர். சொல்லச் சொல்ல வில்கினுக்கு முதலில் சப்பாத்து வந்தது, பிறகு முழங்கால் வந்தது. மார்புக்கு மேலே வரவில்லை.

"நீங்க ஒரு நாளும் சொல்லலையே டீச்சர்" என்றாள் ஷாமிளா.

டீச்சரும் வட்டத்தில் உட்கார்ந்தார். "தம்பிக்காக" என்றார். "தொண்ணூறில கடைக்குப் போட்டு வாறன் எண்டு சைக்கிள் எடுத்துக்கொண்டு போனவன். காரணம் கேக்காதேங்கோ. எனக்கு அவன் வேணும்."

வில்கினுக்கு முகம் வந்தது. ரயிலும் வந்தது. தண்டவாளம் இல்லாததால் ஜமால்தீனின் வாழைத்தோட்டம் வழியாக வந்தது. இரண்டு குலை போயிற்று. அம்மா இறங்கினாள், தகரப் பெட்டியோடு அண்ணன் இறங்கினான், மனைவியர் இருவரும் இறங்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் இரண்டாம் படியின் சில நூறு சொற்கள்தான் தெரியும் என்பதால் சண்டை நீளவில்லை. நாய் தானாகக் குதித்தது. வில்கின் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு, நீதான், நீதான் என்று அழுதார்.

கடைசியாக ஒரு இளைஞன் சைக்கிளை இறக்கினான். வில்கின் அவனைத் தன் தம்பி என்று கைகுலுக்கினார். முகம் மனோகரி டீச்சரின் தம்பி முகம், புருவத்துத் தழும்பு உட்பட. "சாப்பிட்டியோடா?" என்றார் டீச்சர். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. டீச்சர் ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே கேள்வியை இரண்டாம் படி ஆங்கிலத்தில் கேட்டார். இன்னும் இல்லை என்றான். டீச்சர் ஜமால்தீன் கடையில் பராட்டா வாங்கிக் கொடுத்தார்.

வில்கின் குடும்பத்துக்கு லயத்தில் இன்னொரு காம்பரா கிடைத்தது. அம்மா மழை நாளிலும் கொழுந்துக்குப் போனாள். மூன்றாம் படிப் புத்தகப் பெட்டி வருகிறது என்று கேள்விப்பட்டதும், அதிலிருந்து இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று மருதாயி பாயும் சட்டியும் சேர்க்கத் தொடங்கினாள். தம்பிக்காரன் மட்டும் டீச்சர் வீட்டில் தங்கினான், வில்கின் மறுக்கவில்லை. சோறு, மழை, சைக்கிள், அக்கா, நாளைக்கு என்ற சொற்களெல்லாம் அவன் படியில் இருந்தன. இரண்டாயிரத்தொன்பதில் டீச்சர் ஓய்வுபெறும் வரைக்கும் இருவரும் அவற்றை வைத்தே பேசிக்கொண்டிருந்தார்கள்.