ஐந்து விநாடி

மணி நாலே முக்கால். மெக்கானிக் மேசைக்கடியில் மண்டியிட்டு பிரிண்டர் வயரைப் பிடுங்கினார், மறுபடி மாட்டினார், தலையைச் சொறிந்துகொண்டார். மீனை உறைய வைத்து அனுப்பும் அந்தக் கம்பெனியின் ஆபீஸில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர்தான். கிளார்க் பெண் வேலைக்குச் சேரும் முன்பே அது கிழடு தட்டிப்போயிருந்தது. பதினோரு நாளாக அதற்குப் புதிதாக ஒரு வியாதி. அணைக்கச் சொன்னால் அணைகிறேன் என்று திரையில் எழுதிக் காட்டும், ஆனால் அணையாது.

அவளும் தினமும் சாயந்திரம் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, அதன் மூச்சை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அந்தக் கோபத்திலோ என்னவோ, காலையில் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. லோடு ஏற்ற வந்த லாரிகள் சீட்டுக்காக வாசலில் ஹாரன் அடித்தன. "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவளுடைய அக்காவுக்கும் இங்கேதான் வேலை. மூன்றாம் குளிர் அறையில் மீனை அடுக்குகிறாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, "உன் கம்ப்யூட்டரும் என்னை மாதிரிதான்டி. படுத்தா தூக்கம் வராது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேலாக இருமல், கண் எரிச்சல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே வைத்தியமும் சொல்லிக்கொண்டாள்.

"இது எதுக்கோ பதில் கேட்டுக்கிட்டு நிக்குதும்மா" என்றார் மெக்கானிக், நாற்காலியில் ஏறி உட்கார்ந்து. திரையில் திறந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினார். எல்லாவற்றுக்கும் அடியில், சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது.

'மூன்றாம் அறை. அமோனியா கசிவு. பார்த்தவர் பெயரைப் பதியவும்.' குளிர் அறைகளைக் குளிர வைக்கும் கேஸ் அது. கீழே தேதி. பதினோரு நாளைக்கு முந்தைய தேதி.

"பாத்தேன்னு யாராவது பேர் போடுற வரைக்கும் இது விடாது. சத்தம் போட்டிருக்குமே, கேக்கலையா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கர் வயர் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியபடி மேசைக்குப் பின்னால் தொங்கியது. போன் பேசும்போதெல்லாம் கத்துகிறது என்று போன மாதம் மேனேஜர் எரிந்து விழுந்தார். அவள்தான் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். பதினோரு சாயந்திரம், ஒவ்வொரு சாயந்திரமும் ஐந்து விநாடி, இந்த விரல்தான் அழுத்தியிருக்கிறது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆச்சா?"

"சார், மூணாம் ரூம்ல கேஸ் லீக்காம். எங்க அக்காவோட ஒம்பது பேர் உள்ள இருக்காங்க."

"தரை கழுவுற பிளீச்சிங் பவுடர் வாசனைக்கே கத்துற சனியன் அது."

"ஆள் வந்து பாக்குற வரைக்குமாவது அவங்கள வெளிய..."

"காலையில கன்டெய்னர் கிளம்பணும். அவங்க வெளிய நின்னா நீயும் நானும் போய் மீன் அடுக்குவோமா?" மெக்கானிக்கிடம் திரும்பினார். "அந்த அலாரத்தையே எடுத்துடுங்க."

"எடுத்தா இனிமே சத்தமே வராது சார்."

"இப்ப மட்டும் வருதா?"

மெக்கானிக் திரையின் பக்கம் திரும்பினார். கம்பெனியின் இன்னும் இரண்டு ஆபீஸ்களிலும் அவருக்குத்தான் வேலை. "பாஸ்வேர்டு கேக்குதும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "நான் போட மாட்டேன் சார்" என்றாள்.

"அப்ப அக்காவையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. ரெண்டு பேரும் திரும்பி வரவே வேண்டாம்."

அவள் ஓடினாள். மூன்றாம் அறையின் கனத்த கதவை இழுத்தாள். மூக்கில் சுருக்கென்று ஏறியது. அக்கா முகத்தில் சுற்றிய துணியோடு வாசலுக்கு வந்தாள், கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"வா அக்கா, வீட்டுக்குப் போயிடலாம். உள்ள கேஸ் இருக்கு." பாஸ்வேர்டு விஷயத்தையும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"எங்களுக்கும் மூக்கு இருக்குடி" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் போயிட்டா அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குறது? நான் வெளிய வந்தா இன்னிக்கே வேற ஒருத்திய உள்ள விடுவாங்க." தங்கையின் கையைப் பிடித்து அழுத்தினாள். கையுறை ஐஸாக இருந்தது. "போ. அவர் கேட்டதைப் போட்டுக் குடுத்துடு."

கதவு மூடிக்கொண்டது.

பாஸ்வேர்டு எட்டு எழுத்துதான். அதில் இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். மூன்றாம் முறை சிவப்புக் கட்டம் மறைந்தது. மெக்கானிக் அணைத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் பத்தே விநாடியில் சமர்த்தாக அணைந்தது.

"பாத்தியா, இவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். மெக்கானிக்கும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவள் ஸ்பீக்கர் வயரிலிருந்து ரப்பர் பேண்டை உருவினாள். வயரை அதன் ஓட்டையில் அழுத்திச் சொருகினாள். பொத்தானைத் தட்டினாள். கம்ப்யூட்டர் உடனே எழுந்தது, ஒரு சத்தமும் இல்லை. தள்ளுவண்டி போவதற்காக நடைக்கோடியில் மூன்றாம் அறைக் கதவு திறந்தது. உள்ளே இருமினார்கள். அக்கா மட்டும் அல்ல.