ராகேஷ் வீட்டு வில்லுக்கு ஓர் அம்பறாத்தூணி

வேட்டையாடுவது இந்த நாட்டில் குற்றம். வேட்டை வில்லை வாங்கிச் சுவரில் மாட்டுவது குற்றமில்லை, அதற்குப் பெயர் ரசனை. வெள்ளானூரில் மனைகள் போட்டு விற்றது போக மிஞ்சிய ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாலு ரப்பர் மானையும் ஒரு ரப்பர் கரடியையும் நிறுத்தி, ‘பாரம்பரிய வில்லாளர் மன்றம்’ என்று போர்டு மாட்டியவர்களுக்கு ரசனை கொஞ்சம் அதிகம். வார நாட்களில் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மானைப் பார்ப்பார்கள். மானுக்கு இதுவரை பெரிய சேதம் எதுவும் இல்லை.

குறி தப்பிப் புல்லில் புதைந்த அம்புகளைத் தேடிப் பொறுக்குவது தாட்சாயிணியின் வேலை. அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ஒருங்கிணைப்பாளர். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள், பி.எஸ்சி. இயற்பியல். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா, “எம் பொண்ணு வெள்ளானூர் கிளப்புல ஆபீசரா கீது” என்று ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்பு பொறுக்கும் ஆபீசர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

உறுப்பினர்கள் காரேறிப் போன பிறகு மன்றத்துப் பிளாஸ்டிக் பயிற்சி வில்லை எடுத்து அவள் எய்வாள். மான்கள் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். தீபாவளி கழித்துப் புனேயில் நடக்கும் பாரம்பரிய வில் போட்டிக்குத் தன் பெயரைத் தானே கொடுத்தும் இருந்தாள். ஒரே சிக்கல், மர வில்லோடு வந்தால்தான் களத்தில் இறங்கவிடுவார்கள். மர வில்லுக்கு அவள் எங்கே போவாள்?

மன்றத் தலைவர் ராகேஷிடம் ஒன்று இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் யாரோ வாங்கி, மான் அடித்து, வயசாகிச் செத்தும் போன பிறகு ஏலத்துக்கு வந்த வில். ரோஸ்வுட் கைப்பிடி. நுனிகள் இரண்டும் முன்பக்கமாகச் சுருளும் ரீகர்வ் வகை. அது பார்சலில் வந்து இறங்கிய நாளிலிருந்து ராகேஷ் வாயைத் திறந்தால் ‘நாம மறந்த வீரம்’தான். அமெரிக்கக்காரன் வில்லில் நம்முடைய வீரம் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“புனேக்கு அதைக் குடுப்பீங்களா சார்?” என்று தாட்சாயிணி கேட்டே விட்டாள்.

“தாராளமா. ஆனா அம்பறாத்தூணி இல்லாம அது அரைகுறையா இருக்கு தாட்சா. முதுகுல மாட்டுறது வேணாம், வில்லோட சேர்ந்து நிக்கணும். பொருத்தமா ஒண்ணு பிடிச்சுக் குடு, வில்லை எடுத்துட்டுப் போ. ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணு நீ, முடியாதா?”

அம்பறாத்தூணி எந்த செமஸ்டரில் வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

இப்போது கடைகளில் வருகிற அம்பறாத்தூணிகளை வில்லின் கைப்பிடியில் திருகு வைத்து முடுக்க வேண்டும். பழைய வில்லில் அதற்குத் துளை கிடையாது. “துளைதானே, போட்டுட்டா போச்சு” என்று ராகேஷ் டிரில் மிஷினோடு வந்தார். தாட்சாயிணி மிஷினைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பழைய வில்களுக்கென்றே அந்தக் காலத்தில் ஒரு வகை செய்திருக்கிறார்கள். ஒரு நேர்க்கம்பி, அதன் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் கவ்விகள். கைப்பிடிக்கு மேலே வளையும் மேல் கையை ஒன்றும், கீழே வளையும் கீழ்க் கையை ஒன்றும் கவ்விக்கொள்ளும், மரத்தில் ஒரு கீறல் விழாது. இணைய ஏலத்தில் தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்றின் கவ்வி சின்னது, ஒன்றினுடையது பெரியது. அளவு சரியாக இருந்த ஒன்றின் ரப்பர், படத்திலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.

புதிதாகவே ஒன்று செய்துவிடுவது என்று அவள் ராகேஷ் வீட்டுக்குப் போய், வில்லுக்கு நாண் பூட்டி, அளவெடுத்து, நாணைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைத் தூசி மொத்தமும் வந்து படிகிற இடத்தில், பைக் சீட்டுக்கு உறை தைக்கும் இருதயராஜிடம் அளவு எழுதிய காகிதத்தை நீட்டினாள்.

“இன்னாமா இது?”

“அம்பு வெக்கிற கூடுண்ணே. வில்லுல மாட்டணும்.”

“வில்லு எங்க?”

“அது ஊட்ட உட்டு வெளிய வராதாம். அளவு கீதுல்ல, அத வெச்சுத் தை.”

“மாப்ளய காட்டாமயே கோட்டு தைக்கச் சொல்ற. நல்லா கீதும்மா உன் நாயம்.”

முதலில் அவர் தைத்துத் தந்ததில் உள்ளே பஞ்சு மெத்தை, ஓரமெல்லாம் சிவப்பு பைப்பிங்.

“அம்பு இன்னா பைக்குல குந்திக்கினு மாமியார் ஊட்டுக்கா போவுது?” என்றாள்.

“ஸ்டைலா இருக்கட்டும்னு செஞ்சேன், அதுக்கு இந்தப் பேச்சா? உன்ன கட்டிக்கப் போறவன் பாவம்மா.”

“அவன அப்புறம் பாத்துக்கலாம். நீ பஞ்ச எடு.”

திட்டிக்கொண்டே பிரித்தார், திட்டிக்கொண்டே தைத்தார். ரப்பர் சுற்றிய கவ்விகளும் அம்பு முனைகளை மூடும் கருப்புத் தோல் தொப்பியுமாக அது கடைசியில் வந்தபோது, அவளுக்கே பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தடவத் தோன்றியது.

ஆயுத பூஜைக்கு அம்பத்தூரில் ராகேஷின் பிளாட்டில் மன்றம் கூடியிருந்தது. சுண்டல், பொரி, குழந்தைகள் இரைச்சல். ஹாலில் ராமர் பட்டாபிஷேகக் காலண்டர். அதற்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமம் பூசி, சாமந்தி மாலை சாத்தி, நாண் பூட்டிய வில்.

“வந்தாச்சு நம்ம ஃபிசிக்ஸ்!” என்றார் ராகேஷ். “எல்லாரும் போன் எடுங்க. தாட்சா, மாட்டு.”

மாட்டினாள். மேல் கவ்வி பச்சென்று பிடித்தது. கீழ்க் கவ்வி நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. கம்பியை ஏற்றினாள், இறக்கினாள். நேர்க்கம்பி வில்லோடு படியவே இல்லை.

“அளவு தப்பு,” என்றார் ராகேஷ். “பைக் சீட்டுக்காரன்கிட்டே போகாதேன்னு சொன்னேனே.”

தாட்சாயிணி மாலையை விலக்கிப் பார்த்தாள். நாண் பூட்டிய ரீகர்வில் நுனிகள் முறுக்கிவிட்ட மீசை மாதிரி முன்பக்கம் திமிறிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே இரண்டும் உள்பக்கமாகத் தொங்கின. கைப்பிடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. வில் தானாக எந்தப் பக்கம் சுருண்டிருந்ததோ அதே பக்கம் இன்னும் அழுத்தி வளைத்து, நாணைப் பூட்டியிருந்தார்கள். கீழ்க் கையில் பசை விட்ட இடத்தில் நகக்கோடு போல வெள்ளையாக ஒரு விரிசல்.

புனேக்குப் போகிற வில்.

“யார் சார் நாண் பூட்டினது?”

“நான்தான். அன்னைக்கு நீ அவசரத்துல தப்பா பூட்டிட்டே, நுனியெல்லாம் வெளியே திரும்பி அசிங்கமா இருந்துச்சு. சங்கடப்படுவேன்னு நான் சொல்லலை. கொலு வெச்ச அன்னைக்கு நானே சரி பண்ணிட்டேன்.” காலண்டர் ராமரின் தோளைக் காட்டினார். “பாரு, எவ்ளோ அழகா வளைஞ்சிருக்கு. இது வில்லு.”

“சார், கொஞ்சம் இப்படி வாங்க.”

பால்கனியில் வைத்துச் சொன்னாள். திருப்பிப் பூட்டியது, இத்தனை நாள் அப்படியே தொங்கியது, விரிசல், எல்லாவற்றையும். ராகேஷ் எதிர் பிளாட்டில் காயும் துணிகளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

“இப்போ எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லணுமா? அம்பறாத்தூணி அளவு தப்புன்னே இருக்கட்டும். தையல்காரன் யாருன்னு யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் எனக்கு இன்னொரு வில்லு வருது. புனேக்கு அதை எடுத்துக்கோ.”

நல்ல பேரம்தான். வாயை மூடிக்கொண்டால் வில். அவள் ஒரு கணம் மூடியும் பார்த்தாள். வரப்போகிற வில்லின் நுனி இவர் கையில் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசித்தாள். தைத்துத் திட்டி, பிரித்துத் திட்டி, மறுபடி தைத்த மனுஷனையும் யோசித்தாள். விறுவிறுவென்று ஹாலுக்குத் திரும்பினாள்.

“அம்பு கூடு சரியாத்தான் இருக்கு. வில்லைத்தான் உள்ளே வெளியே மாத்திப் பூட்டியிருக்கு. பனியனை மாத்திப் போட்டா ஒண்ணும் ஆவாது. வில்லை மாத்திப் பூட்டுனா செத்துரும்.”

கரண்டியோடு நின்ற ராகேஷின் மனைவி ஜெயப்பிரியா நிதானமாகக் கேட்டாள்: “அப்போ இவர் குரூப்ல போட்டாரே, ‘நாண் பூட்டுவது எப்படி’ன்னு ஒரு வீடியோ?”

உறுப்பினர்கள் குரூப்பில் ஒருங்கிணைப்பாளருக்கு இடம் இல்லாததால் தாட்சாயிணி அந்த வீடியோவைப் பார்த்திருக்கவில்லை. மற்றவர்கள் பார்த்திருந்தார்கள். முதலில் உலகநாதன், மன்றத்திலேயே மூத்தவர், போனை நீட்டினார்.

“எங்க வீட்டுதை ஒரு பார்வை பாரும்மா. பூஜைக்கு நேத்துதான் பூட்டினேன்.”

தொங்கு மீசை. நிர்மல் நீட்டினார், தொங்கு மீசை. பவ்யா வீட்டு வில்லில் மீசையோடு சேர்த்து எலுமிச்சம்பழமும் தொங்கியது. ஆளுக்கு ஒரு கண்டத்திலிருந்து தேடிப் பிடித்து வாங்கிய வில்களை எல்லாம் ஒரே வீடியோவில் முடித்திருந்தார் தலைவர்.

“சும்மா பயமுறுத்தாதே,” என்று ராகேஷ் சுவரிலிருந்து வில்லைப் பறித்தார். “திருப்பிப் பூட்டினா சரியாயிடும்.”

“வேணாம் சார், விரிசல்—”

அவர் அதற்குள் காலுக்கு நடுவில் வைத்து வளைத்துவிட்டார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கீழ்க் கை இரண்டாகப் பிளந்து மாலையில் தொங்கியது. ஒரு குழந்தை கை தட்டியது. நாம் மறந்த வீரத்தைப் பற்றி அன்று மேற்கொண்டு பேச்சு எழவில்லை.

தாட்சாயிணி அம்பறாத்தூணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, சுரேகா பின்னாலேயே வந்தாள். மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து மூன்று ஞாயிறுகூட வந்திராத பெண்.

“என்கிட்டேயும் ஒண்ணு இருக்கு. பெட்டியிலேயே இருக்கு. நான் அந்த குரூப்பை மியூட் பண்ணி வெச்சிருக்கேன், எந்த வீடியோவும் பாக்கலை.” வெட்கப்பட்டாள். “பூட்டவும் பயம். அது அடிச்சுடுமோன்னு.”

அவள் வீடு அடுத்த தெருதான். கட்டில் அடியிலிருந்து சுரேகா பெட்டியை இழுத்தாள். தாட்சாயிணி வில்லை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கையையும் விரலால் தடவிப் பார்த்தாள். கோடு இல்லை, முறுக்கு இல்லை. நாண் பூட்டினாள். சுரேகா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நுனிகள் இரண்டும் வெடுக்கென்று முன்னால் முறுக்கிக்கொண்டன. அம்பில்லாமல் தாடை வரை இழுத்து, நாணை விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். ராகேஷுடையதைவிட இழுக்கக் கனம். தோள் நடுங்கியது, ஆனால் முழுசாக வந்தது.

“புனேக்கு எடுத்துட்டுப் போ,” என்றாள் சுரேகா. “நல்லபடியா திரும்பி வந்தா போதும். நீயும், அதுவும்.”

தாட்சாயிணி பையிலிருந்து அம்பறாத்தூணியை எடுத்து மாட்டிப் பார்த்தாள். இந்த வில்லின் கை ஒரு விரல் அகலம் அதிகம். கவ்வி வாயைப் பிளந்துகொண்டு வழுக்கியது.

போனை எடுத்தாள். “அண்ணே, ஒரு சின்ன ஆல்ட்ரேஷன் கீது.”

மறுமுனையில் இருதயராஜ் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

“கத்தாத. இந்த தபா மாப்ளயயே கையோட இட்டுக்கினு வரேன்,” என்று சொல்லிவிட்டு, வில்லிலிருந்து நாணைக் கழற்றத் தொடங்கினாள்.