காலரில் கொஞ்சம் இறுக்கம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி என் காபியைப் பாராட்டினாள். "நல்லாருக்குங்க" என்றாள். நான் காலி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தேன்.

அன்றைய காபியின் யோக்கியதை எனக்குத் தெரியும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கலாமே என்று போனேன். நூல் கோத்து, ஒரு சட்டைக்கு ஏழு பொத்தானும் தைத்து முடித்த பிறகுதான் பால் ஞாபகம் வந்தது. பொங்கினது போக மிச்சம் அடிப்பிடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. டிகாக்ஷனை அதன் தலையில் ஊற்றி மூடி மறைத்தேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னண்ணே, துணி ஏதும் கருகுதா?" என்று கேட்டார்.

நான் தையல்காரன். துணி கருகினால் பிழைப்பு போய்விடும். "துணி இல்லம்மா, காபி" என்றேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

அந்தக் காபியைத்தான் இவள் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நல்லாருக்கு என்கிறாள்.

என் மனைவி யார் என்று சொன்னால்தான் இது புரியும். காபிப்பொடிக் கடையில் கொட்டை வறுப்பதும் அரைப்பதும் கலவை போடுவதும் அவள் வேலை. இன்ன கொட்டை இத்தனை பங்கு, சிக்கரி இவ்வளவு என்று மூக்காலேயே கணக்குப் போடுவாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும்போதே, "பொடி வாங்கி ஒரு மாசம் இருக்குமே" என்பாள். அதிலிருந்து எங்களைக் கண்டால் எல்லோரும் எலுமிச்சை பிழியப் போய்விடுகிறார்கள்.

என் கதை வேறு. பில்டருக்குக் கீழ்ப்பாத்திரம் வைக்க மறந்து, சமையல் மேடைக்கே காபி கொடுத்தவன் நான். சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை பொறுமை இல்லாமல் கத்தரிக்கோல் பிடியால் அதன் மண்டையில் தட்டி, பொடியையும் சேர்த்து இறக்கியவன். ஒரு முறை அதே பொடியில் நாலாவது தடவை வெந்நீர் விட்டேன். அவள் டம்ளரைச் சாய்த்துப் பார்த்து, "இது காபி இல்லீங்க. காபி குளிச்ச தண்ணி" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள் பாராட்டினால் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் காலையில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்ப் புட்டியைத் திறந்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். எப்போதும் அந்த வாசனை பட்டாலே என்னைக் குளிக்க விரட்டுவாள். அன்றைக்கு அவள் பாட்டுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் புட்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினேன். கண்ணாடியில் என் கையைப் பார்த்துவிட்டாள்.

சீப்பு நின்றது.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"எத்தனை நாளா?"

"சளி பிடிச்சுதே, அப்பலேர்ந்து. சளி போயிடுச்சு. போகும்போது மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு."

டாக்டரிடம் தனியாகப் போய் வந்திருக்கிறாள். ஒரு வாரத்தில் திரும்பலாம், மாசங்களும் ஆகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சளிக்காக மூணு வாரமா நீங்கதானே காபி போடுறீங்க. டம்ளரைக் குடுத்துட்டு பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறீங்க. ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். மூக்கு இருந்தா அது என்னால முடியுமா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் எண்ணெய்க் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக்கூட அவள் திட்டவில்லை.

கடையில் இன்னும் யாருக்கும் தெரியாது. வழக்கமான கலவையெல்லாம் அளவு மனப்பாடம். வறுவலை நிறம் பார்த்து, கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்டு ஒப்பேற்றிவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அச்சகத்தின் கேன்டீன் மேலாளர் வருகிறார். முந்நூறு பேர் குடிக்கிற காபி. அவர்களுக்கென்று புதுக்கலவை ஒன்று போட வேண்டும். முதலாளி வயதில் சின்னவர், இவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அந்த முதலாளி தம்பிக்கு வயிற்றுப் புண். வெந்நீர் மட்டும் குடித்துக் காபிக்கடை நடத்துகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். முழுக்க இவள் மூக்கைத்தான் நம்பியிருந்தார்.

"மூக்கு இல்லேன்னா அந்தக் கடையில எனக்கு என்னங்க வேலை? மூட்டை தூக்கவா?" என்றாள்.

"என் நாக்கை எடுத்துக்க" என்றேன்.

"அதை வச்சு என்ன பண்றது?"

கேள்வி நியாயமானது.

அன்று சாயங்காலமே ஆறு பொட்டலம் கொண்டுவந்தாள். ஆறு டம்ளர் வரிசையாக வைத்தாள். முதலாவதைக் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு."

"அது எனக்கே தெரியுது. ருசி?"

"காபி மாதிரி இருக்கு."

இரண்டாவது? அதுவும் காபி மாதிரி இருந்தது. மூன்றாவது முதலாவதைப் போல இருந்தது. நாலாவதில் அவள் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவதை வாயில் வைத்து உருட்டினேன். ஏதோ ஒன்று தொண்டைப் பக்கம் பிடித்தது. அதற்குப் பேர் தெரியவில்லை. என்னிடம் சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கிறவர்கள் சொல்கிற பாஷைதான் வாயில் வந்தது.

"காலர்ல இறுக்குது. இடுப்புல தொளதொளன்னு கிடக்கு."

சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேனா?"

"இன்னொரு வாட்டி குடிங்க. காலர்ல எப்ப இறுக்குது? உள்ள போகும்போதா, போன பிறகா?"

"போன பிறகு."

"வறுவல் கூடிப்போச்சு. இடுப்பு தொளதொளன்னா சிக்கரி ஜாஸ்தி, கொட்டை கம்மி." பேப்பரில் எழுதிக்கொண்டாள். "நாலாவதை மறுபடி குடிங்க."

"இது தோள்பட்டை சரியா உக்காந்திருக்கு. ஆனா கை குட்டை. மணிக்கட்டு வரைக்கும் வரலை."

"வாயில நிக்கலை. டக்குனு போயிடுது. அப்படித்தானே?"

அப்படியேதான். இருபத்திரண்டு வருஷம் என் தையல் புலம்பலைக் கேட்டவளுக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. நான் சட்டையைச் சொல்லச் சொல்ல, அவள் காபியாக மாற்றிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கவே இன்னும் ஆறு டம்ளர் குடிக்கலாம் போலிருந்தது. குடித்தேன்.

பலன் மறுநாள் தெரிந்தது. வக்கீல் ஒருவரின் சட்டைக்கு இரண்டு இடது கையைப் பொருத்திவிட்டேன். வாதாடுகிறவர் ஆயிற்றே என்று பயந்து பிரித்துத் தைத்தேன். ராத்திரி தூங்காத மயக்கத்தில் இன்னொரு பெரியவரின் கால்சட்டைப் பைக்கு வாயே வைக்கவில்லை. மூன்று நாளில் பதினாறு கலவை. வியாழக்கிழமை காலை பதினாறாவதைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினேன்.

"என்னங்க, எங்க இறுக்குது?"

"எங்கயும் இல்ல. சட்டை போட்டிருக்கிறதே தெரியலை."

பேனாவைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு என்னையும் அழைத்துப் போனாள். வாசலிலேயே மெதுவாகச் சொன்னேன்: "முதலாளிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சும்மா வந்த மாதிரி நிக்கிறேன். ஆர்டர் கிடைச்ச பிறகு பாத்துக்கலாம்."

"இத்தனை வருஷத்துல பொடியில புளியங்கொட்டை கலந்ததில்ல. இப்ப பொய்யைக் கலக்கச் சொல்றீங்களா?"

நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். "தம்பி, எனக்கு வாசனை தெரியலை. மூணு வாரமாச்சு. சொல்லப் பயந்துகிட்டு சொல்லலை. கலவையை இவரு நாக்கை வச்சுத்தான் போட்டேன்."

முதலாளி தம்பி கையில் வெந்நீர் டம்ளரோடு என்னைப் பார்த்தார். என் நாக்கின் தகுதி என்ன என்று யோசிப்பது தெரிந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அக்கா, உங்களை நம்பித்தான் அவங்களை வரச் சொன்னேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான்.

"தெரியும் தம்பி. சரிப்படாதுன்னா நான் போயிடுறேன். ஆனா அவரு குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

மேலாளர் வந்தார். அவளே டிகாக்ஷன் இறக்கி, பாலை அடிப்பிடிக்காமல் காய்ச்சி, கலந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். மேலே பார்த்தார். எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதென்றால் என்னவென்று புரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னவோ ஒண்ணு... சொல்லத் தெரியலையே."

என்னால் அடக்க முடியவில்லை. "காலர்ல கொஞ்சம் இறுக்குதா சார்?"

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமாங்க! அதேதான்! எங்க ஆளுங்க இவ்வளவு இறுக்கமா குடிக்க மாட்டாங்க."

என் மனைவி அதற்குள் உள்ளே போய்விட்டாள். இளம் வறுவல் கொட்டையைக் கொஞ்சம் கூட்டி அரைத்து, புது டிகாக்ஷன் சொட்டும் வரை எங்கள் மூவரையும் வாயைத் திறக்கவிடாமல் உட்கார வைத்தாள். பில்டரைத் தட்ட என் கை பரபரத்தது, முறைத்தாள். இரண்டாவது டம்ளரை மேலாளர் கீழே வைக்காமல் குடித்தார். குடித்துவிட்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புங்க" என்றார்.

அவர் போன பிறகு முதலாளி தம்பி வெகுநேரம் வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

"மூக்கு வர்ற வரைக்கும் அண்ணன் காலையில ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"வரவே இல்லேன்னா?" என்றாள் அவள்.

"அப்பவும் அண்ணன் வரட்டும்."

வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"இப்ப இந்த இடத்துல என்ன வாசனை வருது?" என்றாள்.

நான் மூக்கை உயர்த்தினேன். "சாக்கடை."

"அதை விடுங்க. வேற?"

"இஸ்திரி போடுறாங்க. ஈரத்துணி மேல பெட்டி வைக்கிற வாசனை. அப்புறம்... ரொட்டி சுடுறாங்க."

"இந்த நேரத்துல அந்த பேக்கரிக் கடையில ரொட்டி சுட மாட்டாங்களே. பிஸ்கட்தான் போடுவாங்க. வெண்ணெய் வாசனை வருதா, ஈஸ்ட் வாசனை வருதா? சரியா மோந்து சொல்லுங்க."

திரும்பிப் போய் அந்தக் கடை வாசலில் நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். கடைக்காரர் வெளியே வந்து, "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க. வீட்டுல கேட்டாங்க, மோந்துட்டுப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பத்தடி தள்ளிக் கண்ணை மூடி நிற்கிற அவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

"வெண்ணெய்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.